பித்தான் கடைக்கு வந்த பூட்டு

இப்போதெல்லாம் எவனும் எதிரே நிற்பவன் முகத்தைப் பார்த்து நம்புவதில்லை. திரையில் கடுகளவு பூட்டுப் படம் தெரிந்தால்தான் நம்புகிறான். நல்ல காலம்தான்!

நாங்கள் பித்தான், ஜிப், நூல்கண்டு விற்பவர்கள். என் மருமகள் அதற்கு இணையத்திலும் ஒரு கடை போட்டிருந்தாள். பெரிய தையல் கூடம் நடத்தும் அம்மா ஒருவர் அதைத் திறந்து பார்த்திருக்கிறார். ‘பாதுகாப்பற்றது’ என்று மேலே எழுதி வந்ததாம். நேரே எங்கள் கடைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“இதுல எப்படிம்மா என் கார்டு நம்பரைப் போடுறது? இன்னிக்கே சரி பண்ணுங்க, வருஷம் முழுக்க உங்ககிட்டயே வாங்குறேன். இல்லேன்னா வேற கடை.”

மருமகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. இந்த ஆர்டர் வராவிட்டால் இணையக் கடைக்கு மூடுவிழா என்று நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். நான் சொன்னால் சொன்னதுதான்.

கம்பியைக் கூப்பிட்டாள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். உடம்பு அப்படி இருப்பதால் அந்தப் பெயர். வந்த வேகத்தில் தன் மடிக்கணினியில் தட்ட ஆரம்பித்தான்.

“என்னப்பா பண்றே?”

“இப்ப உங்க கடைக்கு வர்ற விவரமெல்லாம் தபால் கார்டுல எழுதி அனுப்புற மாதிரி வருது பெரியவரே. வழியில யார் வேணா படிக்கலாம். இனிமே உறையில போட்டு ஒட்டிடுவோம்.”

“ஒட்டின உறையை ஆவி காட்டிப் பிரிச்சவனையெல்லாம் நான் பாத்திருக்கேன்.”

“இதைப் பிரிச்சாலும் உள்ள இருக்கிறது புரியாது. இது உங்க கடைதான்னு சொல்ல ஒரு சான்றிதழும் வாங்குறேன். காசே கிடையாது.”

“சும்மா குடுக்கிறானா? அப்ப நிச்சயம் ஏதோ இருக்கு.”

தையல்கார அம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவன் விரல்கள் பறந்தன. மருமகள் கைபேசியோடு அவன் பின்னால் நின்றாள். எதற்கென்று தெரியாமல் நானும் எழுந்து நின்றேன். “வந்துடுச்சு!” என்று அவள் போட்ட கத்தலில் என் கையிலிருந்த பித்தான் டப்பா நழுவிக் கடை முழுக்கச் சிதறியது. கைபேசியில் பூட்டு!

“இதுலயும் காட்டுங்க” என்று தையல்கார அம்மா கடைக் கம்ப்யூட்டரைச் சுட்டினார். திறந்தால் திரை முழுக்கச் சிவப்பாக எச்சரிக்கை. முன்னைவிட மோசம்.

“உங்க மெஷினே உங்களை நம்பலையே!” கைப்பையோடு எழுந்துவிட்டார்.

ஜெயித்தது என்னவோ நான்தான். ஆனாலும் இனிக்கவில்லை.

“நில்லுங்கம்மா, நில்லுங்க!” கம்பி திரையின் மூலையில் மூக்கை ஒட்டினான். “பெரியவரே, இது எந்த வருஷம்?”

அந்த மெஷினுக்குள் தேதியை நினைவில் வைக்கும் சின்ன பேட்டரி செத்து வெகுகாலம் ஆகிறது. ஒயரை நம்பக் கூடாது என்று கடை அடைக்கும்போது நான் மெயினையே அணைத்துவிடுவேன். மறுநாள் அது ஏதோ பழைய வருஷத்தில் கண் விழிக்கும். பில்லைக் கையால் எழுதுவதால் யாரும் கண்டுகொள்வதில்லை.

“சான்றிதழ் இன்னிக்குத்தான் பொறந்திருக்கு. உங்க மெஷின் பழைய வருஷத்துல உக்காந்திருக்கு. பொறக்காத பிள்ளைக்கு யாரு கதவைத் திறப்பா?”

தேதியை மாற்றினான். மறுபடி திறந்தான். பூட்டு!

தையல்கார அம்மா திரும்ப உட்கார்ந்து, தன் கைபேசியிலேயே தட்டினார். மருமகளின் கைபேசி ‘டிங்’ என்றது. வெள்ளைப் பித்தான், மூட்டை மூட்டையாக! மருமகள் குதித்த குதியில் கீழே கிடந்த பித்தான்மேல் வழுக்கி, மேசையைப் பிடித்துத் தப்பினாள்.

“மாமா, கடை இருக்கட்டுமா?”

“இருந்துட்டுப் போகட்டும்.”

“பூட்டை நம்புறீங்களா?”

கம்பி இடையில் புகுந்தான். “பயப்படாதீங்க பெரியவரே. சான்றிதழ் மூணு மாசம் வரும். அப்புறம் தானா புதுப்பிச்சுக்கும்.”

“மூணு மாசத்துல கெட்டுப்போற சரக்கை நான் என் கடையில அடுக்கவே மாட்டேன், போடா” என்றேன். வெள்ளைப் பித்தானை மூட்டை கட்டப் பின்னறைக்கு நடந்தேன்.