மடை மூடிய புரோகிராம்

பிரியதர்ஷினி என்டரை ஓங்கித் தட்டினாள். திரை மறுபடியும் அதையே சொன்னது: 'மடை மூடியாச்சு.'

வெளியே எடைமேடையில் காலி லாரி உறுமிக்கொண்டு நின்றது. காலி எடை பதியாமல் உப்பு ஏற்ற முடியாது. ஏற்றுவதற்காகத் தென்னங்கீற்றை விலக்கிய உப்புக் குவியல் வெட்டவெளியில் கிடக்க, கத்திரி வெயிலையும் மீறிக் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மழை புடிச்சா மொத்தமும் கரைஞ்சிடும்மா!" உப்பள முதலாளி தனகோடி வாசலுக்கும் கம்ப்யூட்டருக்குமாக அலைந்தார். "எந்த முட்டாப்பய எழுதுனானோ இத!"

மூலையில் பில் போட்டுக்கொண்டிருந்த ஆண்டாள் நிமிரவேயில்லை.

பாண்டிச்சேரி கம்ப்யூட்டர் கம்பெனி பிரியதர்ஷினியை ரிப்பேருக்குத் தனியாக அனுப்பியது இதுவே முதல் தடவை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு புரோகிராமைத் திறந்தாள். ஆங்கில எழுத்தில் தமிழ்! லாரியின் எடை 'பாத்தி ஒண்ணு'க்குள் விழுந்தது. அங்கிருந்து 'பாத்தி ரெண்டு', அப்புறம் மூன்று, நான்கு... வழியில் ஒரு கிலோகூட மாறவில்லை. எதற்கு இந்த ஊர்வலம்? ஜன்னலுக்கு வெளியே, கடல்தண்ணீர் பாத்தி பாத்தியாக நகர்ந்துகொண்டிருந்தது. ஓ! களுக்கென்று சிரித்துவிட்டாள். கீழே 'மாமியார்' என்று ஒரு பகுதி. எதைக் கொடுத்தாலும் குற்றம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதே அதன் வேலை.

"எனக்கு உசுரு போவுது, நீ சிரிக்கிறியே?"

"ஒரு நிமிஷம் சார்."

மடை அகப்பட்டது. தேதி பொங்கலுக்கு முந்தியது என்றால் மடையை மூடு. பக்கத்திலேயே குறிப்பு: 'தை பொறக்காம உப்பு ஏது?' கம்ப்யூட்டரின் தேதியைப் பார்த்தாள். 1980, ஜனவரி ஒன்று. அவள் பிறக்கவேயில்லை! உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்து, ராத்திரி கரண்ட் போனதும் கடிகாரம் பின்னால் ஓடியிருக்கிறது. பெட்டியை உப்பு விளையாத மாசத்தில் உட்கார வைத்துவிட்டு எடை கேட்டால்?

தேதியை 2005 மே மாசத்துக்கு இழுத்து வந்தாள். என்டர். பிரிண்டர் கிர்ரென்று அலறியது. லாரி குவியலை நோக்கிப் பாய, ஆட்கள் கூடையோடு ஓடினார்கள். கடைசிக் கூடை ஏறித் தார்ப்பாய் விழுந்த பிறகுதான் முதல் தூறல்.

"சார், எழுதுனது யாரு? நான் பாத்தே ஆவணும்."

தனகோடி சட்டென்று வானத்தை ஆராயத் தொடங்கினார்.

"நாந்தாங்க," என்றாள் ஆண்டாள், பில்லைக் கிழித்தபடி. "கல்யாணம் ஆன புதுசுல எழுதுனது. இவரு எங்க வூட்டுக்காரரு."