குரல் பொருந்தவில்லை

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்றது போன். லேசியா அதை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள். முக்கியமாம். முக்கியமாக இருந்தால் ஒரு மனுஷியை இப்படி வாரக்கணக்கில் ஒரே பாட்டைக் கேட்க விடுவார்களா? அந்தப் பியானோ எந்த இடத்தில் இழுக்கும், எந்த இடத்தில் திரும்ப ஆரம்பிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

எதிரே அவள் புருஷன் ஓரெஸ்ட் கோவல் தூண்டிலின் சக்கரத்தைக் கழற்றிப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். ஏரி உறைந்து, பனியில் துளை போட்டு மீன் பிடிக்க இன்னும் நாள் இருக்கிறது. ஆனாலும் கையில் ஏதாவது வேலை வேண்டும் அவனுக்கு. கனடாவில் கெனோரா ஊருக்கே பனி ஒதுக்கும் வண்டி ஓட்டிய ஆள். எஞ்சின் சத்தத்தையும் மீறி அவன் கத்துவது தெருக்கோடியில் கேட்கும். வசந்த காலத்தில் வினிபெக் ஆஸ்பத்திரியில் புற்றோடு சேர்த்துக் குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள். இப்போது டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியைக் கழுத்தில் அழுத்திக்கொண்டுதான் பேச வேண்டும். சவர மெஷின் பேசினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம்.

அந்தச் சத்தத்தால் வந்த வினைதான் இது. ஆபரேஷன் சமயத்தில் தங்கிய ஓட்டல்காரன் கிரெடிட் கார்டில் இரண்டு தடவை பணம் எடுத்துவிட்டான். "நானே பேசறேன்" என்று ஓரெஸ்ட் ரோஷத்தோடு கார்டு கம்பெனியைக் கூப்பிட்டான். அங்கே ஆளுக்கு முன்னால் ஒரு மெஷின் வரும். அதனிடம் "என் குரலே என் சாவி" என்று சொல்ல வேண்டும். சொன்னான். முன்பு பதிந்து வைத்ததோடு குரல் பொருந்தவில்லை என்றது மெஷின். பிறகு வந்த பையன் இரைச்சலைக் கேட்டு, ஏதோ இயந்திரம் கூப்பிடுகிறது என்று போனை வைத்துவிட்டான். அடுத்து வந்தவன் இன்னும் கெட்டிக்காரன். யாரோ திருடன் என்று முடிவுகட்டி கார்டையே முடக்கிவிட்டான். கோவல் குடும்பத்துக் கார்டைக் கோவலிடமிருந்தே காப்பாற்றிவிட்டார்கள், மகராசன்கள்.

அதற்கப்புறம் லேசியா பேச ஆரம்பித்தாள்.

"மேடம், கார்டுக்காரர்தான் பேசணும்."

"அவர் பேசினா நீங்க போனை வைக்கிறீங்களே."

"அவர் அனுமதி குடுத்தா உங்ககிட்டப் பேசலாம்."

"எப்படிக் குடுக்கணும்?"

"வாயால சொன்னாப் போதும் மேடம்."

இவர்களோடு மல்லுக்கட்டியே அவள் பாதி தேய்ந்து போனாள். திங்கட்கிழமை வினிபெக்கில் ஓரெஸ்டுக்குப் பரிசோதனை. ஓட்டல்காரன் கார்டு இல்லாமல் அறை தர மாட்டான். வீட்டில் இருப்பதோ இந்த ஒரு கார்டுதான்.

ஆனால் அவள் விடாமல் கூப்பிட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை ஓரெஸ்டிடம் அவள் சொல்லவில்லை.

வீட்டில் அவன் குரல் எங்கேயும் இல்லை. எல்லாக் கல்யாணத்திலும் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான். படத்தில் மற்றவர்கள்தான் பேசுகிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ஏதாவது பேசிப் பதிந்து வைக்கலாம் என்று நர்ஸ் சொன்னாள். அந்த அவசரத்தில், பயத்தில், யாருக்கு அது ஞாபகம் இருந்தது. ஆனால் கார்டு கம்பெனியிடம் இருக்கிறது. முந்தின குளிர்காலத்தில் இதே மேசையில் உட்கார்ந்துதான் அவன் குரலைப் பதிவு செய்தான். மூன்று தடவை சொல்லச் சொன்னது மெஷின். மூன்றாவது தடவை அவன் இவள் பக்கம் திரும்பி, "என்ன அம்மணி, இதுக்கும் எனக்கும் கல்யாணம் பண்ணி வைக்கிறாங்களா? காபி இருக்கா, இல்ல நான் செத்துட்டேனா?" என்றான். தினமும் காலையில் அவன் கேட்கிற கேள்வி அது. லேசியா சிரித்துவிட்டாள். 'மீண்டும் சொல்லவும்' என்றது மெஷின். அந்தச் சிரிப்பும் அந்தக் குரலும் எங்கேயோ ஒரு கம்ப்யூட்டருக்குள் இருக்கின்றன. அது அவளுக்கு வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

பாட்டு சட்டென்று நின்றது. மாங்க்டன் ஊரிலுள்ள கம்பெனியின் கால் சென்டரிலிருந்து காலீன் என்று ஒருத்தி வந்தாள். காலையிலிருந்து திட்டு வாங்கிய களைப்பு அவள் குரலிலேயே தெரிந்தது. லேசியா கதையை முதலிலிருந்து சொன்னாள். எல்லோரிடமும் முதலிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

"ஐயோ பாவமே" என்றாள் காலீன். இத்தனை நாளில் அதைச் சொன்ன முதல் ஆள் அவள்தான். "உங்க வீட்டுக்காரர் பக்கத்துல இருக்காரா? அவர் பிறந்த தேதியும் கார்டு நம்பரும் சொல்லட்டும். எப்படிச் சொன்னாலும் சரி, நான் போனை வைக்க மாட்டேன்."

ஓரெஸ்ட் கருவியை எடுத்துக் கழுத்தில் வைத்தான். லேசியா வழக்கம்போலப் பார்வையை உருளைக்கிழங்குப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் நிதானமாகச் சொல்லி முடித்தான்.

"நன்றி மிஸ்டர் கோவல். இனி சுலபம்தான். பழைய குரலை எடுத்துட்டு, இப்ப இருக்கிற குரலைப் பதிஞ்சுக்கலாம். கார்டு உடனே திறந்துடும்."

"பழசை எடுக்கறதுன்னா?" என்றாள் லேசியா.

"அழிஞ்சிடும் மேடம். அதோட சேர்ந்த பதிவுகளும்."

"அதுக்கு முன்னால எனக்கு ஒரு காப்பி குடும்மா."

காலீன் கொஞ்ச நேரம் எதையோ தட்டினாள். "விண்ணப்பம் போடலாம். ஆனா முடிவு வர்ற வரைக்கும் கணக்குல யாரும் கை வைக்கக்கூடாது. கார்டும் திறக்காது. வாரக்கணக்கா ஆகும். கிடைக்கும்னும் சொல்ல முடியாது."

"அப்ப விண்ணப்பமே போடு. கார்டு எக்கேடு கெட்டுப் போகட்டும். வினிபெக்ல கார்லயே படுத்துக்கறோம்."

ஓரெஸ்டின் கை சக்கரத்தின்மேல் நின்றுவிட்டது. எதற்கு என்று கண்ணால் கேட்டான். அவளுக்கு அதற்குமேல் மறைக்கத் தெம்பில்லை.

"உன் குரல் அவங்ககிட்ட இருக்குடா கிழவா. காபி கேட்டியே, அது இருக்கு. எனக்கு அதை ஒரு தடவை கேக்கணும்" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கருவியைக் கழுத்தில் வைத்தான். இப்படி அவன் கை கழுத்துக்குப் போனாலே அவன் சொல்ல வந்ததை அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். கடையில், டாக்டரிடம், மகளோடு போனில், எல்லா இடத்திலும் அப்படித்தான். இப்போதும், "அவரும் விண்ணப்பம்தான் சொல்றார்" என்று ஆரம்பித்தாள்.

"அழிச்சிடுங்க" என்றது கருவி.

"வேண்டாம் காலீன், அவர் புரியாமச் சொல்றார்."

காலீன் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மன்னிச்சுக்கோங்க மேடம். கார்டுக்காரர் சொல்றதைத்தான் நான் கேக்கணும்."

எந்தச் சட்டம் இத்தனை வாரமாக அவர்களை வாட்டியதோ, அதே சட்டம். லேசியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"அம்மணி." ஓரெஸ்ட் மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி அவள் கையிலிருந்த கத்தியை வாங்கிக் கீழே வைத்தான். "அந்தப் பழைய ஆள் இனி வரமாட்டான். எனக்கும் அவன் வேணும்தான். எனக்கு இல்லாத ஆசையா?" மூச்சுக்காக நிறுத்தினான். "ஆனா நான் இங்கதான் உக்காந்திருக்கேன். நான் வாயைத் திறந்தா நீ கிழங்கைப் பாக்கற."

அது நிஜம். முதலில் பேசிய அந்தப் பையனாவது முன்பின் தெரியாதவன், போனை வைத்தான். இவளோ எதிரே உட்கார்ந்துகொண்டே தினமும் அவன் பேச்சைத் துண்டித்திருக்கிறாள்.

"மிஸ்டர் கோவல், அழிக்கட்டுமா?" என்றாள் காலீன். ஓரெஸ்ட் லேசியாவைப் பார்த்தான். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், ஒரு விசையைத் தட்டிய சத்தம் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

பிறகு மெஷின் வந்தது. "என் குரலே என் சாவி" என்று ஓரெஸ்ட் சொன்னான். மீண்டும் சொல்லவும் என்றது. சொன்னான். மூன்றாவது தடவையும் சொன்னான், இந்த முறை வேடிக்கை எதுவும் பண்ணாமல், ஒவ்வொரு சொல்லாக.

"நன்றி, மிஸ்டர் கோவல். உங்களை அடையாளம் கண்டுகொண்டோம்."

லேசியா போனை அணைத்தாள். மிச்சமிருந்த கிழங்குகளை ஓரமாகத் தள்ளிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எதிரே அவன் கை மறுபடி கழுத்துக்குப் போனது. என்ன கேட்கப் போகிறான் என்று அவளுக்குத் தெரியும். மற்ற நாளாக இருந்தால் அவளே முந்திக்கொண்டு சொல்லியும் இருப்பாள். இன்று வாயை மூடிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்தபடி, அவன் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"காபி இருக்கா, இல்ல நான் செத்துட்டேனா?"

"இருக்கு" என்றாள் லேசியா. "இரு, சூடு பண்ணித் தரேன்."