விளம்பர இடைவேளை

அப்பாவுக்குப் போடவேண்டிய வெள்ளைச் சட்டையை மூத்த மகள் தேய்த்துக்கொண்டிருந்தபோது தெருவிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"முப்பது வருஷமா இந்த ஒரு ரேடியோவைத்தான் கேட்டேன். வேற எதையும் தொட்டதே இல்ல."

பின்னாலேயே ஒரு துள்ளல் இசை. 'உங்கள் வானொலி, உங்கள் குரல்' என்று ஒரு பெண் கொஞ்சினாள். அப்பா கூடத்தில் போர்வைக்குக் கீழே கிடந்தார். வாசலில் நின்ற சவ வண்டியில் பேசிக்கொண்டிருந்தார்.

தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே போனாள். வண்டிக்காரர் கதவைத் திறந்துபோட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ரேடியோவை அணைக்கச் சொன்னதும் அணைத்துவிட்டு, சத்தம் அதிகமாக வைத்துவிட்டேனா என்று கேட்டார்.

"உள்ள படுத்திருக்கறவரோட குரல் அது" என்றாள்.

வண்டிக்காரர் ரேடியோவைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். நீட்டிய காலை மடக்கிக்கொண்டார்.

"தினமும் கேக்கறேம்மா. பாவம், எவ்வளவு பிரியமா சொல்றாருன்னு நினைச்சுப்பேன்."

பிரியமாம்.

அப்பா ரொட்டிக் கடைக்காரர். அடுப்புக்கு மேலே பலகையில் மாவு படிந்த ரேடியோ ஒன்று விடியும் முன்பே பேச ஆரம்பித்துவிடும். அதில் பேசுகிறவரை ஊரே 'கோழி' என்றுதான் சொல்லும். பொழுது விடிகிறதே அவர் வாயில்தான். எந்தத் தெருவில் தண்ணீர் வராது, எந்த பஸ் சுற்றிப் போகும், யார் வீட்டு நாயைக் காணவில்லை, யார் இறந்துபோனார் எல்லாம் கோழிக்குத் தெரியும். ஊரில் யார் எதைத் தொலைத்தாலும் கண்டெடுத்தவர்கள் அப்பா கடையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்பா கோழிக்கு போன் போடுவார். கோழி சொல்வார். சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி, பள்ளிக்கூடப் பை. ஒருமுறை பல்செட்டு வந்தது. உரியவர் வாயைப் பொத்திக்கொண்டு வந்து வாங்கிப்போனார்.

பிறகு வானொலி நிலையத்தை யாரோ வாங்கினார்கள். கோழியை ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கோ ஒரு ஊரில் உட்கார்ந்துகொண்டு பத்து ஊருக்கும் சேர்த்து ஒருத்தன் பேச ஆரம்பித்தான். வெயில் மண்டையைப் பிளக்கிற காலையில், மறக்காமல் குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்பான். மழை அவன் ஊரில். அப்பா கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். குழாயில் தண்ணீர் வராமல் தெருவே காலி வாளியோடு நின்ற நாளில், ரேடியோவில் யாரும் அதைப் பற்றி மூச்சு விடாத கோபத்தில், நிலையத்துக்கு போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார்.

அந்தப் பேச்சிலிருந்து ஒரே ஒரு துண்டை வெட்டி எடுத்து விளம்பரமாகப் போட்டுவிட்டார்கள். முப்பது வருஷம், வேறு எதையும் தொட்டதில்லை, துள்ளல் இசை.

ரொட்டி வாங்க வந்தவர்கள் எல்லாம் அவரைக் கேலி செய்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தினமும் வரிசையில் நின்றபடி, "என்னண்ணே, விளம்பரத்துல எல்லாம் நடிக்கறீங்க, எங்களையெல்லாம் ஞாபகம் இருக்குமா?" என்பார். திட்டினேன் என்று அப்பா ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தார். காதால் கேட்டதை விட்டுவிட்டு அவர் சொல்வதை யார் நம்புவார்கள்? கோழியைத் துரத்தியவர்களோடு கைகோத்துவிட்டார் என்று கோழியின் மனைவியே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அப்பா கடையில் வாயைத் திறப்பதில்லை. நிலையத்துக்கு மறுபடி போன் போட்டால், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று எந்திரம் பேசியது. வெளியூரில் இருக்கும் மகளுக்கு இதெல்லாம் போனில் தவணை முறையில் தெரியும். நேற்று அடுப்புக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

சட்டையைத் தம்பியிடம் கொடுத்து அப்பாவுக்குப் போடச் சொல்லிவிட்டு அம்மாவைத் தேடினாள். எப்போது எடுக்கிறீர்கள் என்று சொந்தக்காரர்கள் காலையிலிருந்து நச்சரிக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் அம்மா, இருங்க, கொஞ்ச நேரம் போகட்டும் என்கிறாள். யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று ஒருவருக்கும் புரியவில்லை. வரவேண்டியவர்கள் எல்லாரும் வந்தாகிவிட்டது.

அம்மா சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சின்ன ரேடியோ, காதுக்கு மட்டும் எட்டுகிற சத்தத்தில்.

"அம்மா, அதை நிறுத்து."

"அரை மணிக்கு ஒரு தடவை வருதுடி" என்றாள் அம்மா.

மகளுக்கு வார்த்தை சூடாக வந்தது. இதைக் கேட்டுக் கேட்டு அவர் எவ்வளவு நொந்துபோனார் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? பொய்யாவே இருக்கட்டும். குரல் அவரோடதுதானே. வேற எங்க போய்க் கேப்பேன்?"

மகள் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக நிலையத்துக்கு நடந்தாள். சாவு வீட்டை விட்டு எங்கே போகிறாள் என்று பின்னால் யாரோ கேட்டார்கள். கேட்கட்டும்.

நிலையத்தின் கீழ்த்தளத்தை மெத்தைக் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். மாடியில் ஒலிப்பதிவு அறைகள் பூட்டிக் கிடந்தன. கண்ணாடி வழியாகப் பார்த்தால் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தது தெரிந்தது. கடைசி அறையில் கணினிக்கு முன்னால் மேலாளர் இருந்தார். அவள் வயதுதான் இருக்கும். மரியாதையானவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்க ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவிச்சுக்கறோம்" என்றார்.

"தெரிவிச்சுக்கறோமா? இங்க நீங்க ஒருத்தர்தானே உக்காந்திருக்கீங்க?"

அவர் மென்று விழுங்கினார். எல்லாம் தலைமை அலுவலகம் முடிவு செய்வது, நிகழ்ச்சி அங்கிருந்து வருவது, இந்த ஊருக்கென்று மிச்சம் இருப்பது விளம்பர இடைவேளை மட்டும்தான், அதில் மட்டும் இங்கிருந்து கை வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனார்.

"எங்க அப்பா பேச்சை வெட்டுனது யாரு?"

"நான்தான்."

"முழுசா கேட்டுட்டு வெட்டுனீங்களா?"

"ஆமா."

"அப்போ அவர் திட்டறார்னு தெரிஞ்சேதான் செஞ்சீங்க."

அவர் கணினித் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தெரியாமல் செய்தேன் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். சொல்லாதது அவள் கோபத்தை இன்னும் கிளப்பியது. நல்ல குரலுங்க, அதுதான், என்று முணுமுணுத்தார். முழுவதையும் போடச் சொன்னாள். போட்டார்.

அப்பா முழுசாகத் திட்டினார். நடுவில் மூச்சு வாங்கியது, இருமினார், விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடித்தார். சிரிப்பும் வந்தது அவளுக்கு, அடக்கிக்கொண்டாள். மேலாளர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், இதை உங்கள் போனில் ஏற்றித் தருகிறேன், அந்த விளம்பரத்தையும் இப்போதே எடுத்துவிடுகிறேன் என்றார்.

போனில் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குள் கேட்க அது போதும். ஊருக்குப் போதாது.

"எடுக்க வேண்டாம். அடுத்த இடைவேளையில அதே இடத்துல அவர் சொன்னதைப் போடுங்க. கடைசி வரைக்கும்."

"என் சீட்டு கிழிஞ்சிடும்ங்க."

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கிற உத்தேசம் இல்லை என்று அவருக்குப் புரிகிற மாதிரி உட்கார்ந்தாள். அவர் கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு அவர் விசைப்பலகையை இழுத்து, இருமலை எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

"இருமலும் இருக்கட்டும்."

ஒரு தடவைதான், அப்புறம் பழையதும் வராது, புதியதும் வராது என்றார். அவள் நன்றி சொல்லவில்லை.

வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் டீ கிளாஸோடு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றார்கள். எதிர்வீட்டுக்காரரும் இருந்தார். வண்டிக்காரரிடம் போய், ரேடியோவைப் போடுங்கள், சத்தமாக வையுங்கள் என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

உள்ளே போய் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சின்ன ரேடியோவின் சத்தத்தையும் கூட்டினாள். இந்த ஊரில் இல்லாத ஒரு பாலத்தில் போக்குவரத்து நெரிசல் என்று அந்த ஆள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தான். அது முடிந்து இடைவேளை வந்தது.

"முப்பது வருஷமா இந்த ஒரு ரேடியோவைத்தான் கேட்டேன்" என்றார் அப்பா. அம்மாவின் உதடுகளும் கூடவே அசைந்தன. "வேற எதையும் தொட்டதே இல்ல."

இசை வரவில்லை. அம்மாவின் உதடுகள் நின்றன.

"அந்தப் பாவத்துக்குத்தான் இப்போ அனுபவிக்கிறேன். இங்க வெயில் கொளுத்துது, உங்க ஆளு குடை எடுத்துட்டுப் போன்னு சொல்றான். எந்த ஊருக்குய்யா சொல்றான்? எங்க தெருவுல தண்ணி வரல, அதைச் சொல்ல ஒரு நாதி இல்ல." இருமினார். "நல்லா பேசிட்டிருந்த மனுஷனைத் துரத்திட்டு ஊரையே தண்ணி தெளிச்சு விட்டுட்டீங்க. போதும். இன்னியோட எனக்கும் உங்களுக்கும் முடிஞ்சிருச்சு. வைக்கிறேன்."

வாசலிலும் அதே வார்த்தைகள் ஒரு இம்மி பிந்திக் கேட்டு முடிந்தன. அங்கே பேச்சு நின்றுவிட்டிருந்தது. அடுத்து மெத்தை விளம்பரம் வந்தது.

போனை எடுத்து, இதில் முழுசும் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று மகள் சொன்னாள். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். குனிந்து ரேடியோவை அணைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு, கூடத்தைத் தாண்டி வாசலுக்குப் போனாள்.

"எடுத்துக்கலாம்" என்றாள்.

ஆண்கள் டீ கிளாஸ்களைச் சுவர் ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள்.