இணைப்பு ஏழின் கடைசிப் பயணி

ரயிலே இல்லாத இடத்தில் பயணிகளை உண்டாக்கியவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அரசாங்கம் எனக்குக் கொடுத்த வேலை அது. புதுப் பாதை போடப்போகிற வழியில் வீடு வீடாகப் போய் அறுநூறு படிவம் நிரப்ப வேண்டும். வீட்டில் எத்தனை பேர், வயது என்ன, ரயில் வந்தால் ஏறுவீர்களா, எதற்காகப் போவீர்கள் என்று மொத்தம் பதினொரு கேள்வி. இருநூறு வீடு ஏறி இறங்கினேன். செருப்பு அறுந்தது, நாய் துரத்தியது, வெயில் மண்டையைப் பிளந்தது. மீதி நானூறையும் விடுதி அறையில், மின்விசிறிக்கு அடியில் படுத்துக்கொண்டே எழுதினேன். அந்த வேலை பார்த்த எல்லாரும் செய்ததுதான். என்ன, மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

நானூறு குடும்பத்தைக் கற்பனையில் உண்டாக்குவது லேசில்லை. ஐம்பது வீட்டோடு என் சரக்கு தீர்ந்துவிட்டது. பிறகு சொந்தக்காரர்களைப் பிடித்தேன். தாய்மாமனை மூன்று வீட்டில் மூன்று வயதில் குடிவைத்தேன். எட்டாம் வகுப்பு வாத்தியாருக்கு ஆறு பிள்ளைகள் கொடுத்தேன், அவர் எனக்குக் கொடுத்த அடிக்கு அது குறைவுதான். எல்லாரையும் கடைசி நிலையத்தைச் சுற்றியே குடியேற்றினேன். அங்கே மனித நடமாட்டமே கிடையாது, யாரும் போய்ச் சரிபார்க்க மாட்டார்கள்.

படிவம் இருநூற்றுப் பதினேழைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். என்னோடு வந்து தங்கச் சொல்லி வீட்டுக்கு ஃபோன் செய்தேன். "அந்த வெயில்ல நான் வந்து என்ன பண்ணப் போறேன், உங்களுக்கு விசிறி விடவா?" என்று கேட்டுவிட்டு என் மனைவி ஃபோனை வைத்துவிட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். தனியாக வாழ்கிறவர்கள் இத்தனை பேராவது வேண்டும் என்ற கணக்கில் ஒன்று குறைந்திருந்தது. அடுத்த படிவத்தில் என் வயதையே போட்டேன். வீட்டில் ஒருவர். மனைவி இறந்துவிட்டார். எழுதியதும் எனக்கே பிடிக்கவில்லை. கிழித்துப் போட்டிருக்கலாம். படிவத்துக்கு வரிசை எண் உண்டு, ஒன்று குறைந்தால் மேலே கேள்வி வரும். விட்டுவிட்டேன்.

படிவங்கள் அட்டவணை ஆயின. அட்டவணை ஒப்பந்தத்தில் இணைப்பு ஏழு ஆனது. ஒரு நிறுவனம் தன் செலவில் பாதை போட்டு முப்பது வருஷம் ரயில் ஓட்டும், இணைப்பு ஏழில் சொன்ன அளவு பயணிகள் வருவார்கள் என்று அரசாங்கம் உறுதி கொடுக்கும், குறைந்தால் ஈடுகட்டும். அதில் ஒரு வரி உண்டு. "இணைப்பு ஏழில் கண்டவை அனைத்தும் உண்மை என இரு தரப்பும் ஏற்கின்றன." பெரியவர்கள் கையெழுத்துப் போட்டு, கைகுலுக்கி, புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் படிப்படியாக ஏறி, அதே துறையில் பயணிகள் எண்ணிக்கையைச் சரிபார்க்கிற அதிகாரி ஆனேன். இதைவிடப் பொருத்தமான ஆள் யார் கிடைப்பார்கள்?

ரயில் ஓட ஆரம்பித்து மூன்று மாதம் ஆனது. கடைசி நிலையத்தில் ஈ காக்கை இருக்காது என்று நான் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தேன். ஆனால் தினமும் ஒரே எண் வந்தது. ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு. இணைப்பு ஏழில் இருந்த எண். ஞாயிறும் அதே, மழை நாளிலும் அதே.

"மெஷின்ல ஏதோ தில்லுமுல்லு பண்றாங்க. நீங்களே போய்க் கையால எண்ணிட்டு வாங்க" என்றார் என் மேலதிகாரி.

காலையில் ஜீப்பில் போய் இறங்கினேன். கட்டடம் பளபளவென்று இருந்தது. பெஞ்சுகளின் மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை இன்னும் யாரும் உரிக்கவில்லை. ஆட்களை எண்ணுகிற ஆறு தானியங்கிக் கதவுகள், அவற்றின் மேல் சிவப்பு எழுத்தில் பூஜ்யம். சுற்றிலும் முள்காடு. ஒரு வீடு இல்லை, ஒற்றையடிப் பாதைகூட இல்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் ஒல்லியான மனிதர், கண்ணை அவ்வளவாகச் சிமிட்டவில்லை.

"ஒன்பது பத்துக்கு வருவாங்க சார். உட்காருங்க."

"எங்கிருந்து?"

"அது நம்ம டிபார்ட்மென்ட் இல்ல சார்."

ஒன்பது பத்துக்கு வந்தார்கள். முள்காட்டுக்குள்ளிருந்து, எல்லாப் பக்கமும். பையும் குடையுமாக, சாதாரண ஜனங்கள். பேச்சு இல்லை, செருப்புச் சத்தம் இல்லை, அத்தனை பேர் நடந்தும் ஒரு துளி தூசி எழும்பவில்லை. என்னைத் தாண்டும்போது ஒவ்வொருவரும் லேசாகத் தலையசைத்தார்கள், எப்போதோ வீட்டுக்கு வந்துபோன ஆபீஸ்காரனைப் பார்த்தால் அசைப்போமே, அப்படி. நான் கையிலிருந்த எண்ணும் கருவியை அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு வந்த ஒரு பெண்ணை நிறுத்தினேன்.

"பேரென்னம்மா?"

அவள் என்னையே பார்த்தாள். "அது இல்லைங்களே."

"எது இல்ல?"

"பேரு. நீங்க கேக்கலையே." பிறகு ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "வயசு முப்பத்தெட்டு. வீட்டுல அஞ்சு பேரு. பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்கு."

"எத்தனை நாளா?"

"தினமும்."

குழந்தையின் நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. பெரியவர்களுக்கெல்லாம் பன்னிரண்டு வயது கூடியிருந்தது, குழந்தையும் அதன் காய்ச்சலும் மட்டும் அப்படியே நின்றிருந்தன. மருத்துவப் பயணக் கணக்கு குறைகிறதே என்று விடுதியில் படுத்துக்கொண்டு நான் எழுதிய காய்ச்சல் அது. அப்போது அது ஒரு வரி. இப்போது என் உள்ளங்கையில் சுட்டது. அவளுக்குப் பின்னால் எட்டாம் வகுப்பு வாத்தியார் ஆறு பிள்ளைகளோடு வந்தார். அவருக்குப் பின்னால் மூன்று வயதில் மூன்று தாய்மாமன்கள். ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன், விரல் மட்டும் பழக்கதோஷத்தில் எண்ணிக்கொண்டே இருந்தது.

கூட்டம் முடிந்தது. கையில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தைந்து. கதவுகளின் மேலும் அதே. வண்டி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது.

"ஒருத்தர் குறையுது" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "கடைசியா ஒருத்தர் வருவார் சார். தனியா. சட்டைப் பொத்தான மாத்திப் போட்டிருப்பார். சாப்பிட்டாரா இல்லையான்னு பார்த்தாலே பாவமா இருக்கும்." என் முகத்தை நன்றாக உற்றுப் பார்த்தார். "உங்கள மாதிரியே இருப்பார். தம்பியா?"

"எனக்குத் தம்பி கிடையாது."

"அப்ப அது நீங்கதான் சார். இன்னைக்கு ஜீப்புல வந்துட்டீங்க. உள்ள போங்க, வண்டி நிக்குது."

மனைவி இறந்துவிட்டார் என்று நான் எழுதிய வரி கண்முன் வந்தது. கை தானாக ஃபோனை எடுத்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"போய்ச் சேந்துட்டீங்களா? தண்ணி பாட்டில மேசை மேலயே வெச்சிட்டுப் போயிருக்கீங்க. தலைய மட்டும் எப்படித்தான் மறக்காம எடுத்துட்டுப் போறீங்களோ."

உயிர் வந்தது. பேசிக்கொண்டே எண்ணும் கதவை நோக்கி ஒரு எட்டு வைத்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். அவள் குரல் மெலிந்தது. இன்னொரு எட்டு. "சாயங்காலம் வரும்போது..." என்றவள் பாதியில் நின்றாள். வேறொரு பெண்ணின் குரல் நிதானமாகச் சொன்னது. "நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை."

பதறிப் பின்னால் வந்தேன்.

"...கேக்குதா இல்லையா? காதுல பஞ்சா?"

மறுபடி ஒரு எட்டு முன்னால் வைத்தேன். எண் உபயோகத்தில் இல்லை. பின்னால் வந்தேன். "சிக்னல் இல்லாத இடத்துல நின்னுக்கிட்டு என் உயிர வாங்காதீங்க" என்றாள். மூன்றாவது முறை வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்தக் கதவுக்கு அப்பால் அவள் கிடையாது. பயத்தில் ஃபோனை அப்படியே துண்டித்துவிட்டேன்.

நடைமேடையில் அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. யாரும் கோபப்படவில்லை, அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. குழந்தையோடு நின்றவள் கதவருகே வந்தாள்.

"வாங்க ஐயா. நீங்க வந்தாதான் வண்டி எடுப்பாங்க. பிள்ளைக்குக் கொதிக்குது."

ஜீப்பில் ஏறிப் போயிருக்கலாம். போனால் நாளைக்கும் இந்த வண்டி எனக்காக நிற்கும். படிவம் என் வயதோடும் என் முகத்தோடும் இருக்கிறவரை என்றைக்காவது ஒருநாள் என்னை உள்ளே இழுத்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்தது ஒரே வேலை. எண்ணிக்கைத் தாளைப் பின்பக்கம் திருப்பி, முழங்காலில் வைத்துப் பதினொரு கட்டங்கள் போட்டேன். படிவம் இருநூற்றுப் பதினேழு, திருத்தியது. வயதை ஐம்பத்தெட்டு ஆக்கினேன், முதுகில் லேசான கூன் கொடுத்தேன். மனைவி இறந்துவிட்டார் என்பதை மாற்ற முடியவில்லை. அட்டவணையில் மனைவியை இழந்தவர்கள் நாற்பத்தொன்று, அதில் ஒன்று குறைந்தாலும் கூட்டுத்தொகை உதைக்கும். திருத்தத்துக்கு இரு தரப்புச் சுருக்கொப்பம் வேண்டும். அரசாங்கத்துக்காக நான் போட்டேன், நிறுவனத்துக்காக ஸ்டேஷன் மாஸ்டர் படித்துப் பார்க்காமலே போட்டுக்கொடுத்தார்.

ஐந்து நிமிடத்தில் முள்காட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். முகம் முழுக்கக் கண்ணீர். கதவுக்குள் போகாமல் என் முன்னால் வந்து நின்றார்.

"என் வீட்டுக்காரி இறந்துட்டாங்க" என்றார்.

"தெரியும்."

"எனக்குத் தெரியலையே ஐயா. இறந்துட்டாங்கறது மட்டும் தெரியுது. யாருன்னு தெரியல. அழுகை வருது, எத நெனச்சு அழறதுன்னு தெரியல. அவங்களப் பத்தி ஏதாவது சொல்லுங்க. ஒண்ணு போதும்."

"நல்லவங்க" என்றேன். "பொறுமைசாலி."

"படிவத்துல எழுதறத எல்லாம் சொல்லாதீங்க" என்றார் கெஞ்சலாக. "நெசமா ஒண்ணு."

உள்ளே குழந்தை அழ ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்த நிஜமான மனைவி ஒருத்திதான்.

"கோபம் வந்தா சமையலறைக்குள்ள போய் முணுமுணுன்னு பாடுவா" என்றேன். "வார்த்தை இருக்காது, ராகமும் ஒழுங்கா இருக்காது. பாட்டு நின்னா கோபம் தீர்ந்துடுச்சுன்னு அர்த்தம்."

அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "ஆமா" என்றார். "ஆமா, பாடுவா. எனக்கு இப்பக்கூட கேக்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவுக்குள் போனார். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு. வண்டி கிளம்பியது. எண்ணிக்கை சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் என்று சொல்ல முடியாது, நானே எண்ணினேன்.

வீட்டுக்குப் போனபோது சாயங்காலம். கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் அழுதுவிடுவேன் போலிருந்தது. அவளுக்கோ நான் ஃபோனைத் துண்டித்த கோபம். நேராகச் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை நங் நங்கென்று வைத்தாள். நான் வாசல்படியில் நின்று காத்திருந்தேன். பாத்திரச் சத்தம் மட்டும்தான் வந்தது.

"ஏன் பாடல?"

"யாரு, நானா?" என்றாள். "நான் எப்பங்க பாடினேன்? எனக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம்."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். விளையாடவில்லை. அன்றைக்கு அவள் கோபம் எப்போது தீர்ந்தது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. பரவாயில்லை, ஆள் இருக்கிறாளே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் ஃபோன் செய்தார்.

"அந்தப் பெரியவர் வெளியவே நிக்கறார் சார். நேத்து சொன்னது தீர்ந்துபோச்சாம். இன்னைக்கு ஒண்ணு வேணுங்கறார். வண்டி நிக்குது."

அவர் குரலுக்குப் பின்னால் குழந்தை அழுவது கேட்டது. முப்பது வருஷத்தில் இப்போதுதான் மூன்று மாதம் கழிந்திருக்கிறது.

என் மனைவி கூடத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். மேசை இழுப்பறையைத் திறந்தாள், தலையணையைத் தூக்கிப் பார்த்தாள், அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "இந்த வீட்டுல வெச்ச பொருள் வெச்ச இடத்துல இருக்காதே" என்று என்னையும் சேர்த்துத் திட்டினாள். எதைக் கொடுத்தால் அதிகம் வலிக்காது என்று நான் அவளைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். இப்படியா ஒருவன் தன் மனைவியைப் பார்ப்பான்?

"பெரியவர்கிட்ட ஃபோனைக் குடுங்க" என்றேன்.

மூச்சுச் சத்தம் கேட்டது. காத்திருந்தார்.

"கண்ணாடியத் தலை மேல வெச்சுக்கிட்டே, வீடு முழுக்கத் தேடுவா" என்றேன்.

அந்தப் பக்கம் பெரியவர் சிரித்தார், அழுகையும் சிரிப்புமாக.

என் மனைவி அலமாரி முன்னால் அப்படியே நின்றாள். கையைத் தலைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"யாருகிட்ட பேசறீங்க?"

"ஆபீஸ்ல" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு, இழுப்பறைகளை ஒவ்வொன்றாக மூடினாள்.