ஆறு மணிப் பாண்

ஹனோவர் நகரத்தின் லிண்டன் பகுதியில் தனியாக இருந்த வல்ட்ராவுட் என்ற ஜேர்மன்காரி மாலை ஆறு மணிக்குப் பாண் சாப்பிட்டால், ரிக்லிங்கனில் இருந்த புஷ்பமலருக்கு வயிறு நிறைந்துவிடும். ஆட்கள் முகக்கவசத்தைக் கழற்றின வருஷம், ஒக்டோபர் மாதத்தில் இது தொடங்கியது. கடைகளில் சூரியகாந்தி எண்ணெய் இல்லாமல் போய், பிறகு இரண்டு மடங்கு விலையில் திரும்பி வந்ததும் அந்த வருஷம்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ட்ராம் மாறிப் போகிற தூரம். வல்ட்ராவுட் சாப்பிடுவது கறுத்தப் பாண், உள்ளே சீரகம் மாதிரி ஒரு விதை, மேலே வெண்ணெயும் சீஸும், சில நாட்களில் வினாகிரியில் ஊறின ஹேரிங் மீன். அவ்வளவும் புஷ்பமலரின் நாக்கில் தெரியும். மறுபக்கமும் அப்படித்தான். புஷ்பமலர் மத்தியானம் பச்சைமிளகாய்ச் சம்பலைத் தொட்டால், லிண்டனில் வல்ட்ராவுட் மூக்கைச் சிந்துவாள். வயிற்று வைத்தியர் நாள் குறித்து ஒரு டெர்மின் கொடுத்து, குழாய் விட்டுப் பார்த்து, வயிற்றில் பாண் கிடக்கிறது என்றார். வெறும் வயிற்றோடு வரச் சொன்னேனே என்று கோபித்தார். சாப்பிட்டது நானில்லை என்று புஷ்பமலர் சொன்னாள். வைத்தியர் அதையும் கணினியில் தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இதில் புஷ்பமலருக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் அவளுடைய புருஷன் யோசப்புக்குத்தான்.

யோசப் மன்னாரில் இருந்து அகதியாக வந்தவன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தோய்க்கிற பெரிய சலவை ஆலை ஒன்றில் வேலை. இயந்திரம் பிழிந்து துப்புகிற விரிப்பை இரண்டு கையாலும் உதறி, சூட்டு உருளைக்குள் நேராகக் கொடுக்கவேண்டும். அந்த உதறலிலேயே அவனுடைய நாரி எலும்பும் வயசும் போனது. அங்கே யாரும் அவனை ஒன்றும் கேட்பதில்லை, அவனும் ஒன்றும் சொல்வதில்லை. நீராவியில் ஊதின கைகளோடு ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தால், புஷ்பமலர் மேசையில் இரண்டு சோற்றுக் கோப்பை வைப்பாள். அவன் வரும்வரை ஒரு பருக்கை வாயில் போடமாட்டாள். இந்தத் தேசத்தில் தனக்கென்று இருக்கிறது இந்த ஒரு சாப்பாடுதான் என்று யோசப் ஒருநாளும் யோசித்தது கிடையாது. அது போன பிறகுதான் யோசித்தான்.

அது போன விதம் இப்படி. வளர்ந்தவர்கள் படிக்கிற ஒரு மாலைப் பள்ளியில் புஷ்பமலர் நிலம் துடைக்கிற வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறபோது வந்த வாசம் அலுவலகம் வரைக்கும் போய், அங்கே இருந்த பெண் ஒருத்தி எழும்பி வந்து, இதைப் படிப்பிக்க முடியுமா என்று கேட்டாள். எனக்கு டொச் பாஷை வடிவாக வராது என்று இவள் சொன்னாள். கைதானே சமைக்கிறது என்று அந்தப் பெண் சொன்னாள். அப்படியே புதன்கிழமை மாலைகளில் ஏப்ரன் கட்டின எட்டு ஜேர்மன்காரருக்கு முன்னால் புஷ்பமலர் டீச்சராக நின்றாள். அவர்கள் அவளை ஃபிராவ் யோசப், அதாவது திருமதி யோசப், என்று கூப்பிட்டார்கள். தன்னுடைய பெயர் ஒரு பள்ளிக்கூடத்தில் விளங்குகிறதே என்று யோசப்புக்கு முதலில் சந்தோஷம். இரண்டாம் கிழமையே, தன்னுடைய பெயர் தானில்லாமல் ஊர் சுற்றுகிறது என்று எரிச்சல் வந்தது. புதன்கிழமை வந்தால் வீட்டில் வல்ட்ராவுட் கதைதான். அவ முந்தி ட்ராம் ஓட்டினவ. புருஷன் செத்துப்போனான், பிள்ளை இல்லை. வெங்காயத்தை ஒரே அளவாக வெட்டுறா. முதற்பால், இரண்டாம்பால் என்று தேங்காயை ஏன் இரண்டு தரம் பிழிகிறது என்று கேட்கிறா. புஷ்பமலர் யாரோடும் இப்படிச் சிரித்துக் கதைத்து யோசப் கண்டதில்லை.

கடைசி வகுப்பில் கறிகள் மிஞ்சிப்போயின. புஷ்பமலர் அவ்வளவையும் சோற்றுச் சட்டிக்குள் கொட்டிக் குழைத்து, உருண்டை பிடித்து, ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வைத்தாள். இந்தக் குழையல் வீட்டுக்குள்ளே, சட்டியைச் சுற்றி இருக்கிற சொந்தத்துக்குக் கொடுக்கிறது. வெளியாட்களுக்குக் கொடுக்கிற வழக்கமில்லை. கண்டவையின்ர கையிலயெல்லாம் ஏன் வைச்சனி என்று யோசப் சத்தம் போட்டான். கறியைக் குப்பையில் கொட்டவா சொல்லுறியள் என்று அவள் கேட்டாள். மறுநாள் ஆறு மணிக்கு, குசினியில் நின்றபடியே அவளுக்கு வயிறு நிறைந்தது.

அன்றிலிருந்து மேசையில் ஒரு கோப்பைதான். புஷ்பமலர் எதிர்க் கதிரையில் இருந்து அவனுக்குக் கறி போடுவாள், தண்ணீர் வார்ப்பாள், தான் சாப்பிடமாட்டாள். சாப்பிடு என்று அவன் அதட்டினால், ஏலாதப்பா, வல்ட்ராவுட் இண்டைக்கு ரெண்டு துண்டு சாப்பிட்டிட்டா என்பாள். சொல்லும்போது முகத்தில் ஒரு மினுக்கம் இருக்கும். அந்த மினுக்கத்தைத்தான் யோசப்பால் தாங்க முடியவில்லை. விஷயம் ஆலைக்கும் போனது. விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிற தமிழ்ப் பெடியன் ஜூலியன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "யோசப் அண்ணை, அக்கா இப்ப வெளியில சாப்பிடுறாவாம்" என்றான். அந்த வெக்கையிலும் தமிழ் ஆட்கள் சிரித்தார்கள். யோசப் கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் முறையிட்டான். பூசையில் நாமெல்லாரும் ஒரே அப்பத்தைத்தானே உண்கிறோம், இதில் என்ன புதினம் என்று சாமியார் கேட்டார். "சாமி, அது ஆண்டவர். இது வல்ட்ராவுட்" என்று சொல்லிவிட்டு யோசப் வெளியே வந்தான்.

பிறகு போட்டிக்கு இறங்கினான். மேற்பார்வைக்காரனைக் கெஞ்சி நேரத்தை மாற்றி, ஐந்தரைக்கே வந்து மனுசியை இருத்திச் சாப்பிடவைத்தான். லிண்டனில் வல்ட்ராவுட்டுக்கு ஆறு மணிப் பாண் இறங்கவில்லை. அவள் அடுத்த நாள் ஐந்து மணிக்கே சாப்பிட்டாள். யோசப் நாலரைக்கு வரப் பார்த்தான், ஆலை விடவில்லை. அவள் ஆறு மணிக்குத் திரும்பினால் அவன் மறுபடி ஐந்தரைக்கு வந்து நின்றான். இப்படிக் கார்த்திகை போய் மார்கழியும் பாதி போனது. புஷ்பமலர் இரண்டு பேருக்கும் நடுவில் வேளைகெட்ட நேரத்தில் ஏப்பம் விட்டுக்கொண்டு திரிந்தாள். யோசப்பின் மனதில் கிடந்து அரித்தது ஒன்றே ஒன்றுதான். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவளுடைய கையால் உருண்டை வாங்கித் தின்றவன் நான், என் வயிற்றுக்கு அவளுடைய ஒரு வாய்த் தேத்தண்ணீர்கூட வந்ததில்லை. ஒரே ஒரு தரம் வாங்கினவளுக்கு அது எப்படி வந்தது? அன்றைக்கு என்ன நடந்தது என்று அவளைக் கேட்டான். ஒண்டும் நடக்கேல்லை என்று சொல்லி அவள் கோப்பை கழுவ எழும்பினாள்.

நத்தார்ப் பெருநாளுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம், யோசப் ஒருவருக்கும் சொல்லாமல் லிண்டனுக்கு ட்ராம் ஏறினான். வல்ட்ராவுட் கதவைத் திறந்தாள். கூன் விழாத, உயர்ந்த கிழவி. யாரென்று கேட்கவில்லை. கோப்பி வார்த்தாள், கேக் வெட்டினாள், பிறகு இரண்டு பேரும் அதைத் தொடாமல் இருந்தார்கள். யோசப் தன்னுடைய உடைந்த டொச்சில், தயவு செய்து என்னுடைய மனுசியின் வயிற்றை விட்டுவிடுங்கோ என்று கேட்டான். அவள் கேட்டுக்கொண்டிருந்து சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நீங்கள் அவவோட ஒரே மேசையில இருக்கிறியள். எனக்கு ருசி மட்டும்தான் வருது. சாப்பிடேக்க அவ சிரிச்சால் எனக்கு இஞ்ச வயிறு குலுங்குது. என்னத்துக்குச் சிரிக்கிறா எண்டு தெரியாது. உங்களுக்குத் தெரியும். உங்களை நினைச்சு எனக்குத்தான் பத்தி எரியுது."

தன்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுகிறாள் என்பது யோசப்புக்குப் புதிது. அவன் கோப்பியில் ஒரு மிடறு குடித்தான். அந்தக் கடைசி வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்டான். அவள் ஒளிக்காமல் சொன்னாள். டீச்சர் எல்லாருடைய கையிலும் சோறு வைத்தா, எல்லாரும் தின்றுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்கள். பார்த்தால் டீச்சரின் கை வெறுங்கை. எங்கள் ஆட்களில், ஒருவர் நமக்கு வார்த்தால் நாங்கள் அவருக்கு வார்க்கவேண்டும். அதனால் சட்டிக்குள் கையை விட்டு, எனக்குத் தெரிந்த மாதிரி ஒரு உருண்டை பிடித்து டீச்சரின் கையில் வைத்தேன்.

"அவ அழுதவ," என்றாள் வல்ட்ராவுட். "நான் உறைப்பெண்டு நினைச்சன்."

 குழைக்கிறவள் கொடுப்பாள், மற்றவர்கள் கை நீட்டுவார்கள், கடைசியில் சட்டியில் ஒட்டினதை அவள் வழித்துச் சாப்பிடுவாள். எல்லா வீட்டிலும் அதுதான் நடப்பு. குழைத்தவளின் கையில் ஒருவர் வைத்து யோசப் கேள்விப்பட்டதே இல்லை. எழும்பும்போது, இன்றைக்கு மட்டும் ஆறு மணிக்குச் சாப்பிடவேண்டாம் என்று கேட்டான். வல்ட்ராவுட் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். ட்ராமைப் பிந்தவிடாதவள் பார்க்கிற பார்வை. "ஏழு மணி மட்டும் பொறுப்பன். அதுக்கு மேல ஏலாது" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது புஷ்பமலர் குசினியில் அந்தரப்பட்டுக்கொண்டு நின்றாள். ஆறு மணி தாண்டியும் பாண் வரவில்லை, பசிக்கிறது, வல்ட்ராவுட்டுக்கு ஏதோ வருத்தம்போல, போன் எடுக்கப்போறன் என்றாள். ஒரு வருத்தமும் இல்லை, இரு என்று யோசப் அவளைக் கதிரையில் இருத்தினான். சட்டியில் சோறு இருந்தது. மத்தியான மீன்குழம்பும் பருப்பும் கீரையும் இருந்தன. எல்லாவற்றையும் கொட்டினான். குழம்பு கூடிவிட்டது. விரிப்பு உதறின கைக்கு உருண்டை பிடிக்கத் தெரியவில்லை. முதலாவது விரலிடுக்கால் ஒழுகி நிலத்தில் விழுந்தது. அடுத்ததும் உடைந்தது. ஏழு மணிக்குக் கொஞ்சநேரம் இருக்கும்போது, உருண்டை என்று சொல்ல முடியாத ஒன்றை அவளுடைய உள்ளங்கையில் வைத்தான். அவள் அதைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள்.

"உப்பில்லை" என்றாள். இன்னொன்றுக்குக் கையை நீட்டினாள்.

ஏழு மணிக்குச் சீரகப் பாண் வந்து சேர்ந்தது. அதற்குள் சட்டியில் ஒட்டினதை யோசப் வழித்துக்கொண்டிருந்தான்.

யோசப்புக்கு உடனே ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிறுதோறும் குழைத்தான், அவள் கையில் வைத்தான், ஆலையில் இடைவேளைக்கு இடைவேளை தன்னுடைய வயிற்றைக் கவனித்தான், ஒன்றும் வராமல் வல்ட்ராவுட்டை நினைத்துப் பல்லைக் கடித்தான். தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், சூட்டு உருளைக்கு முன்னால் நிற்கும்போது, குடிக்காத தேத்தண்ணீர் அவனுடைய வயிற்றில் இறங்கியது. இஞ்சி போட்டது, சீனி குறைவு, புஷ்பமலர் குடிக்கிற பதம். அவன் விரிப்பைக் கோணலாக விட்டான். கொஞ்சநேரத்தில் அதற்குப் பின்னால் வல்ட்ராவுட்டின் காலைக் கறுத்தப் பாணும் வந்தது. அவளுக்கு வருவதெல்லாம் இனி இவனுக்கும் வரும் என்று விளங்கியது. அன்றைக்கு அவனுடைய சாப்பாட்டுப் பெட்டியை ஜூலியன் சாப்பிட்டான்.

வல்ட்ராவுட் இனிமேல் ஆறு மணியை யாருக்காகவும் மாற்றமாட்டேன் என்றுவிட்டதால், யோசப் ஆலையில் விடிய வேலைக்கு எழுதிக் கொடுத்து மாறினான். ஆறு மணிக்கு அங்கே பாண், இங்கே சோறு, மேசையில் இரண்டு கோப்பை. பாணின் ருசி அவனுக்கு இன்றைக்கும் பிடிக்காது. போன கோடையில் வல்ட்ராவுட் வடகடல் பக்கம் விடுமுறைக்குப் போனாள். முதல்நாள் மாலை யோசப் சாப்பாட்டை நிறுத்தி முகத்தைச் சுளித்தான். அவவுக்குப் போன் எடுத்துச் சொல்லு, அந்தக் கடையில வாங்கவேண்டாம், மீன் பழசு என்றான். புஷ்பமலர் எடுத்துச் சொன்னாள். மறுநாள் ஆறு மணிக்கு மீன் நன்றாக இருந்தது.