அடிமரத்துக்குள் இருவாச்சி

லாரியிலிருந்து உருண்டு விழுந்த அடிமரத்தைச் சின்னவள் ஒருமுறை சுற்றிவந்து பார்த்தாள். இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத பருமன்.

"தோட்டத்து மரம்தான், அறுத்துப் போடு," என்றார் லாரி ஓட்டிவந்த அத்தான், அக்காவின் கணவர்.

தோட்டத்தில் ஏது இப்படி ஒரு மரம்? கேட்டால் அக்காவின் முகம் வாடும். அப்பா விட்டுப்போன மர அறுவை மில்லை அக்கா ஆபீஸிலும் சின்னவள் ரம்பத்திலுமாக இழுத்துப் பிடித்து நடத்திவந்தார்கள். சின்னவள் தண்ணீர்க் குழாயை எடுத்தாள்.

மண் ஒட்டியிருந்தால் ரம்பத்தின் பல் மழுங்கிவிடும். தண்ணீரை அடித்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள். ஓரிடத்தில் மட்டும் மண் பெயரவே இல்லை. சிமென்ட் பூசினாற்போல் இறுகிக் கிடந்தது. நடுவே ஒரு கீறல். அதில் ஓர் அலகு நுனி அசைந்தது.

"அக்கா! இங்க வா!"

அக்கா குனிந்து பார்த்தாள். "ஐயோ, உயிரோட இருக்கே!" என்று பதறியவள், மறுநிமிடமே ஓடிப்போய் ஷட்டரை இறக்கினாள். "எடுத்து எங்கயாச்சும் விட்ருவோம். நீ மரத்த அறு."

"இருவாச்சிக்கா இது. குஞ்சு பொரிக்கப் பொந்து வாய மண்ணால அடைச்சுக்கிட்டு உள்ள இருக்கு. இறகு உதிர்ந்திருக்கும், பறக்க முடியாது. ஆண் பறவை வந்து ஊட்டினாத்தான் சாப்பாடு."

"ஒரு பறவைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றார் அத்தான்.

"தோட்டத்துல இருவாச்சி ஏது? இது வெட்டக்கூடாத காப்புக்காட்டு மரம். இன்னும் எத்தன மரத்துக்குக் குறி போட்டிருக்கீங்க அத்தான்?"

அத்தான் தரையைப் பார்த்தார். "அந்தச் சரிவு முழுக்க. நான் ஏத்தலேன்னா இன்னொருத்தன் ஏத்துவான்."

சின்னவள் போனை எடுத்தாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அவர் உள்ள போயிருவார்டி. நீ என் கூடப் பொறந்தவதானா?"

சின்னவள் கையை உதறிக்கொண்டு மரத்தூள் குவியலுக்குப் பின்னால் போனாள். வனத்துறைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். திரும்பி வந்து, "சொல்லிட்டேன்," என்றாள்.

அத்தான் ஓடியிருக்கலாம். லாரிச் சாவி கையில்தான் இருந்தது. ஆனால் அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள், தங்கைக்கு முதுகைக் காட்டி.

அதிகாரிகள் பொந்தை உடைத்தார்கள். இறகு உதிர்ந்த தாயும், கண் திறக்காத குஞ்சும் இருந்தன. குஞ்சு போகிற வழியிலேயே செத்துப்போனது. தாய் காப்பகத்தில் பழம் தின்னத் தொடங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. சரிவில் வெட்டு நின்றது. "இப்போதைக்கு," என்றார் ரேஞ்சர், சின்னவளின் முகத்தைப் பார்க்காமல். அத்தானை ரிமாண்ட் செய்தார்கள். மில்லுக்குச் சீல் விழுந்தது.

வாரக்கணக்கில் அக்கா பேசவில்லை. ஒருநாள் அவளே போன் செய்தாள். திட்டட்டும் என்று சின்னவள் காதைக் கொடுத்துக் காத்திருந்தாள்.

"உள்ள அவருக்கு ஸ்வெட்டர் குடுக்க விடுவாங்களான்னு கேட்டுச் சொல்லு," என்றாள் அக்கா. "உனக்குத்தான் ஆபீசரையெல்லாம் தெரியுமே."

சின்னவள் பதில் சொல்வதற்குள் அக்கா போனை வைத்துவிட்டாள்.