மண்ணாங்கட்டி எந்தப் பக்கம் பார்க்கிறார்

உள்ளங்கையளவுப் படம் அது. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் யாரோ ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் பென்சிலால் வரைந்தது. செங்கம் சாலை விடுதியில் தங்கியிருந்த ஒருவர் அதன் நகலைத் தந்துவிட்டுப் போனார். பின்னால் மலை. இடமிருந்து வலமாக நடக்கும் துப்பாக்கிக்காரர்கள். வலது ஓரத்தில் கை நீட்டிய ஒற்றை ஆள். மற்றதெல்லாம் வெறும் தாள்.

அந்த ஆள் தன் முப்பாட்டன் மண்ணாங்கட்டிதான் என்பதில் கலையரசனுக்குச் சந்தேகமே இல்லை. அடி அண்ணாமலையில் பட்டாளத்தின் முன்னால் அவர் நின்ற கதை அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பௌர்ணமிக்கு நடுகல் திறப்பு. சாலையோரம் கல் வந்து இறங்கிவிட்டது. வரலாறு படித்த மருமகள் கவிநிலா அதில் வெட்ட வாசகம் சொல்ல வேண்டும். கல் வெட்டும் மாறன் உளியோடு காத்திருந்தான்.

“யோசிக்க என்னம்மா இருக்கு? மலை அவருக்கு வலப்பக்கம். கிரிவலம் போறவரு. எதிர்ல வந்த பட்டாளத்தை மறிச்சு நிக்கிறாரு,” என்றார் கலையரசன்.

கவிநிலா கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கினாள். தலையின் இடப்புறம் துருத்திய உருண்டையை மூக்கு என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். அது பிடரிக்கு மேல் இறங்கியிருந்தது. குடுமி. கால்விரல்களும் வலது ஓரத்தைத்தான் பார்த்தன.

அவள் முகம் மாறியதைக் கணவன் கோபி கவனித்துவிட்டான். “எதுவா இருந்தாலும் உன்னோட வெச்சுக்க. அப்பா ஊரையே கூப்ட்டுட்டாரு,” என்றான் காதருகே.

அவள் கைப்பேசியை மாமனார் பக்கம் திருப்பினாள்.

“மாமா, அவரு பட்டாளத்தைப் பாக்கல. அவங்களுக்கு முதுகு காட்டி, முன்னால போறாரு. அந்தக் கை, இப்படிப் போங்கன்னு காட்டுது.”

“காட்டிக் கொடுத்தவருன்றியா?”

“அது தெரியாதுங்க மாமா. மிரட்டி இழுத்துட்டு வந்திருக்கலாம். கூலிக்கும் வந்திருக்கலாம். மறிச்சாருன்னு மட்டும் இதுல இல்ல.”

“இதுக்குத்தான் கல்யாணத்துக்கு அப்புறமும் உன்னைப் படிக்க வெச்சேனா?”

“நீங்கதானே மாமா பாக்கச் சொன்னீங்க.”

கலையரசன் படத்தைப் பிடுங்கிக்கொண்டு சாலையில் இறங்கினார். மலை வலப்பக்கம் இருக்க நின்று கையை நீட்டினார். படத்தைப் பார்த்தார். மெல்ல மறுபக்கம் திரும்பினார். மலை இடப்பக்கம் வந்தது. மறுபடியும் கை நீண்டது.

எதிரே கிரிவலம் வந்த பெண்மணி ஒருத்தி நின்றாள். “பெரியவரே, மலை சுத்தறது அந்தப் பக்கங்க.”

அவர் நீட்டிய கை அப்படியே நின்றது. அவள் கடந்து போன பிறகுதான் இறங்கியது.

“பேரு மட்டும் வெட்டு, மாறா.”

மாறன் கவிநிலாவைப் பார்த்தான்.

“அவளை ஏன்டா பாக்கற? நான்தானே சொல்றேன்.”